நோன்பும் மூச்சும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ரமலான் பிறை தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் இரண்டு வகைச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். நோன்பு உடம்பின் நஞ்சையெல்லாம் வெளியேற்றி நுரையீரலைக் கழுவிவிடும் என்பது ஒன்று. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சளி கட்டி மூச்சுக்குழாய் அடைத்துப்போகும் என்பது மற்றொன்று. இரண்டையும் அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். நான் உடலியங்கியல் கற்பிப்பவன், நோன்பும் வைப்பவன். இரண்டு செய்தியையும் படித்துவிட்டு அழித்துவிடுவது என் வழக்கம். இன்று அழிக்காமல் பதில் சொல்லும்படி பணித்திருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஓர் இளைஞனின் நுரையீரலுக்கு, பசித்தும் தாகித்தும் இருக்கும் அந்தப் பகல், சொல்லிக்கொள்ளும்படியான நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. செய்வதெல்லாம் இரவுதான். மஃரிப் பாங்குக்கும் பஜ்ர் பாங்குக்கும் இடையில் அவன் எதை இழுக்கிறான், எதைத் தின்கிறான், எந்த மருந்தை விடுகிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பகலையே அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் குறை.

உடம்புக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். சஹர் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சும் சர்க்கரை சில மணி நேரத்துக்குப் போதும். அதன்பின் கல்லீரல் தன் சேமிப்பான கிளைக்கோஜனை எடுக்கிறது. அது மொத்தமே 100 கிராம் அளவுதான். பிற்பகல் அஸர் தொழுகை நெருங்கும்போது உடம்பு கொழுப்பின் பக்கம் சாய ஆரம்பித்திருக்கும். இந்தச் சாய்வுக்கும் மூச்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாவுச்சத்தை எரிக்கும்போது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் எவ்வளவோ அவ்வளவு கரியமில வாயு உண்டாகிறது. கொழுப்பை எரிக்கும்போது அதில் 0.7 பங்குதான் உண்டாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜன் எடுக்கிறார் என்று வையுங்கள். எரிவது முழுக்க மாவுச்சத்து என்றால் 250 மி.லி. கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும்; முழுக்கக் கொழுப்பு என்றால் 175 மி.லி. போதும். நோன்பாளி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார். மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயுதான் என்பதால், மாலையில் அவருடைய நுரையீரலுக்கு வேலை கொஞ்சம் குறைவு. இதைக் கேட்டதும் நுரையீரலுக்கு நோன்பு ஓய்வு தருகிறது என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். பள்ளிவாசலின் மாடிப்படி ஏறினால் அந்தச் சேமிப்பு முழுவதும் காலி.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் ஆழத்தை அடையும்போது 37 டிகிரி வெப்பமும் முழு ஈரமும் பெற்றிருக்க வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 44 மி.கி. நீர் என்பது கணக்கு. இந்த ஈரத்தை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் கொடுக்கின்றன. மூச்சை விடும்போது அதில் ஒரு பங்கு திரும்ப மூக்கிலேயே தங்குகிறது. போக, நாளொன்றுக்கு 300 முதல் 400 மி.லி. நீர் மூச்சோடு வெளியேறுகிறது. அதனால்தான் மாலை ஐந்து மணிக்கு உதடு காய்கிறது, குரல் கம்முகிறது. ஆனால் தொண்டை காய்ந்தால் நுரையீரலும் காய்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை, உப்பு அயனிகளை இங்குமங்கும் கடத்தி அந்தச் சுவரின் செல்களே பார்த்துக்கொள்கின்றன. நிழலில் இருந்து வேலை பார்ப்பவருக்கு இது போதுமான காப்பு. மே மாத வெயிலில் கம்பி கட்டுகிறவருக்கும், ஓடினால் இழுப்பு வரும் உடல்வாகு உள்ளவருக்கும் இதே உறுதியை நான் தரமாட்டேன்.

பட்டினி கிடந்தால் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். தளரும். பட்டினி உண்மையான பட்டினியாக இருந்தால். 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியலாளர் 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினி போட்டுச் சோதித்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு முன்வந்தவர்கள் அவர்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. நுரையீரல் கொள்ளளவும் குறைந்தது. ரமலானில் சராசரியாகக் குறையும் எடை ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கிறது, அதுவும் பெருநாள் முடிந்து சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. இரவில் சாப்பிடும் நோன்பையும் ஆறு மாத அரைப்பட்டினியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமில்லை. (நம் வீடுகளில் சிலருக்கு ரமலானில் எடை கூடவே செய்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.)

சரி, அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அளக்கும் கருவி ஸ்பைரோமீட்டர். லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846இல் அதைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்து வெளியிட்டார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று கையில் அகப்பட்டவர்களையெல்லாம் ஊதச் சொன்னார். ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் கொள்ளளவு என்று கண்டுபிடித்தவர் அவர்தான். இன்றைய கருவியில் மூன்று எண்கள் முக்கியம். முழு மூச்சிழுத்து முடிந்த மட்டும் வேகமாக ஊதித் தள்ளும் மொத்தக் காற்று எஃப்விசி. அதில் முதல் ஒரு நொடியில் வெளியேறும் பங்கு எஃப்இவி1. ஊதலின் உச்ச வேகம் பீக் ஃப்ளோ. மூச்சுக்குழாய் சுருங்கினால் எஃப்இவி1 முதலில் அடிவாங்கும்.

கிடைத்த எண் சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்வது என்பது தனிச் சிக்கல். வெள்ளையர்களை அளந்து போட்ட அட்டவணையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கழித்துவிட்டு, இதுதான் இந்தியனின் அளவு என்று நெடுங்காலம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கழிக்காமல் நம் ஆட்களையே அளந்து, சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தார் 1990இல் 'தோராக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. நோன்பு ஆய்வுகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறார்கள். ரமலானுக்கு முந்தைய ஷஃபானில் ஓர் அளவு, ரமலானில் ஓர் அளவு, அடுத்து வரும் ஷவ்வாலில் ஓர் அளவு.

மலாய் முஸ்லிம்களிடம் செய்த ஆய்வு 1990இல் வந்தது. பாகிஸ்தானிலிருந்து 2006இலும் ஈரானிலிருந்து 2007இலும் வந்தன. துனிசியாவின் சூஸ் நகரத்து உடலியங்கியலாளர்கள் பல ஆண்டுகளாக இதையே தொடர்ந்து செய்துவருகிறார்கள். வளைகுடா நாடுகளிலும் உண்டு. எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் சுவாரஸ்யம் இல்லாதது: ஆரோக்கியமானவர்களிடம் எஃப்விசியும் எஃப்இவி1-ம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பீக் ஃப்ளோவிலும் சிறு மூச்சுக்குழாய்களின் வேகத்திலும் சில ஆய்வுகள் சிறு மாற்றம் காட்டுகின்றன. ஆனால் ஒன்றில் ஏறுவது இன்னொன்றில் இறங்குகிறது. நுரையீரலைக் கழுவும் செய்திக்கு இதில் ஆதாரம் இல்லை. அடைத்துப்போகும் செய்திக்கும் இல்லை.

அந்தச் சிறு மாற்றங்களைப் பற்றி மாணவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்பைரோமீட்டரில் மூன்று முறையாவது ஊத வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் நடுவே 150 மி.லி. வரை வித்தியாசம் இருந்தால்கூடச் சோதனை சரி என்று பன்னாட்டு விதி ஏற்றுக்கொள்கிறது. அப்படியிருக்க, முப்பது நாற்பது பேரைச் சோதித்து, சராசரி 80 மி.லி. குறைந்தது என்று எழுதினால், குறைந்தது நுரையீரலா, ஊதியவரின் ஆர்வமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சோதனையில் முயற்சி பாதி. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று டெக்னீசியன் கத்துவது அதற்காகத்தான். இரவுத் தராவீஹ் தொழுகை முடித்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு, மூன்று மணி நேரம் தூங்கி, சஹருக்கு எழுந்து, பகலில் வகுப்புக்கும் போய்வந்தவனை மாலை ஐந்து மணிக்கு ஊதச் சொன்னால் அவன் ஊதுவது ஊதல்தான், ஆனால் ஷஃபானில் ஊதிய ஊதல் இல்லை.

கடிகாரமும் குறுக்கே வருகிறது. மூச்சுக்குழாய்களுக்கு ஒரு நாள்சுற்று உண்டு. அதிகாலை நான்கு மணியை ஒட்டி மிகவும் சுருங்கியிருக்கும், பிற்பகல் நான்கு மணியை ஒட்டி நன்றாக விரிந்திருக்கும். ஆரோக்கியமானவரிடம் இந்த ஏற்ற இறக்கம் சில சதவீதம்தான், ஆஸ்துமாக்காரரிடம் அதைவிட மிக அதிகம். ரமலானில் தூக்கமும் சாப்பாடும் இரவுக்கு இடம் மாறும்போது இந்தச் சுற்றும் நகரக்கூடும். காலை பத்து மணி அளவையும் மாலை ஐந்து மணி அளவையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்துக்கு நோன்பு காரணம் என்று சொல்ல முடியாது.

பருவமும் அப்படித்தான். சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் ரமலான் பின்னோக்கி நகர்ந்து 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. 2018இல் கத்திரி வெயிலில் தொடங்கியது. சென்னையில் பஜ்ர் முதல் மஃரிப் வரையான நேரம் மார்கழியில் சுமார் 12½ மணி, ஆனியில் சுமார் 14 மணி. வட ஐரோப்பாவில் கோடை நோன்பு 18 மணி நேரத்தையும் தாண்டும். ஆக, கோலாலம்பூரில் ஒரு பருவத்தில் செய்த ஆய்வையும் தெஹ்ரானில் இன்னொரு பருவத்தில் செய்த ஆய்வையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். 2030இல் ரமலான் இரண்டு முறை வருகிறது, ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. ஜனவரி ரமலானில் போகிப் பண்டிகையும் வரும். அன்று விடியற்காலை சென்னையில் சஹர் செய்துவிட்டுப் பள்ளிக்கு நடக்கிறவர் இழுக்கப்போகும் காற்று, நோன்பு செய்யும் எந்த மாற்றத்தையும் மூழ்கடித்துவிடும்.

இனி நான் உண்மையில் பேச வந்ததற்கு வருகிறேன்.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் இளம் ஆண்கள், பல இடங்களில் கல்லூரி மாணவர்கள். காரணம் வசதி. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை என்பதால் முப்பது நாள் கணக்கு அவர்களிடம் உடைந்துவிடுகிறது. மாணவர்கள் கூப்பிட்டால் வருவார்கள். சேர்த்துக்கொள்ளாதவர்கள் யார்? ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் மாறும், ஆனால் அதில் முதலில் நிற்பவர்கள் பெரும்பாலும் புகைப்பவர்கள். முறையியல்படி இது சரி. நோன்பின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் புகையை வெளியே நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். ரமலான் மாதத்தில் எந்த இளைஞனுடைய நுரையீரலில் பெரிய மாற்றம் நடக்கிறதோ அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, மாற்றம் எதுவும் நடக்காதவனை உள்ளே அழைத்து அளந்து, மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறோம்.

2016-17இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். புகைத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது அவர்களில் நோன்பு வைப்பவருக்குத் தெரியும். ஆகவே பஜ்ர் முதல் மஃரிப் வரை தொடுவதில்லை. எந்த மருத்துவரும் எந்த விளம்பரமும் எந்தச் சட்டமும் செய்யவைக்க முடியாத ஒன்றை ஒரு மாதம் முழுக்கத் தினமும் பதின்மூன்று மணி நேரம் செய்கிறார்.

அந்தப் பதின்மூன்று மணி நேரத்தில் உள்ளே நடப்பது மதிக்கத்தக்கது. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் அது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மஃரிப் வரும்போது சஹரில் இருந்ததில் ஆறில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான் மிஞ்சியிருக்கும். நிகோட்டின் பாதியாக இரண்டு மணி நேரம் போதும். மாலையில் ரத்தத்தில் ஏறக்குறைய துடைத்தாற்போல இருக்கும். நாடித்துடிப்பு தணிந்திருக்கும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் தொந்தரவு இல்லாமல் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்.

பிறகு பாங்கு சொல்கிறார்கள். பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி, மஃரிப் தொழுகை, அடுத்தது பள்ளிவாசல் சந்து முனையில் பெட்டிக்கடை. பகல் முழுக்க நிகோட்டின் காணாத மூளை அந்த முதல் தம்மில் கிறுகிறுக்கிறது. புகைப்பவர்களைக் கேட்டால் அந்த ஒன்றுக்கு ஈடில்லை என்பார்கள். அதற்குப் பின் தராவீஹுக்கு முன் ஒன்று, தராவீஹ் முடிந்து டீக்கடையில் இரண்டு மூன்று, சஹர் நேரம் முடியப்போகிறது என்னும் அவசரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக. பதின்மூன்று மணி நேரச் சுத்தத்தைப் பதினொரு மணி நேரம் தின்றுவிடுகிறது. நிகோட்டின் ஏக்கம் உச்சத்துக்குப் போவது விட்ட இரண்டாம் மூன்றாம் நாளில். அடங்குவது இரண்டு முதல் நான்கு வாரத்தில். ரமலான் 29 அல்லது 30 நாள். இரவிலும் தொடாமல் இருந்தால் பெருநாள் அன்று அவன் அந்தப் பள்ளத்தைத் தாண்டியிருப்பான். இரவில் தொடுவதால் ஒவ்வொரு பகலும் முதல் நாளாகவே ஆரம்பிக்கிறது. அஸருக்குப் பின் அவனிடம் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மனம் இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதற்கு வேறொரு மதத்தாரிடமிருந்து ஒரு சான்று தருகிறேன். வைதிக யூதர்கள் சப்பாத் நாளில் நெருப்பு மூட்டக் கூடாது, ஆகவே புகைப்பவர்களும் அன்று புகைப்பதில்லை. இஸ்ரேலிய உளவியலாளர் ரூவன் தார் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களை சப்பாத் அன்றும், புகைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வேலை நாளிலும் விசாரித்தார்கள். இரண்டு நாளும் நிகோட்டின் இல்லை. ஆனால் ஏக்கம் சப்பாத் அன்று மிகக் குறைவு, வேலை நாளில் மிக அதிகம். முடியாது என்று மனம் தீர்மானித்துவிட்ட இடத்தில் ஏக்கம் எழுவதே குறைகிறது. நம் நோன்பாளிகளும் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள்: "பகல்ல நெனப்பே வராது பாய், ஆறு மணி ஆனாத்தான் கை தேடும்." நிகோட்டின் அடிமைத்தனத்தை அளக்க ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. அதில் அதிக மதிப்பெண் பெறும் கேள்விகளில் ஒன்று, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மூன்று மதிப்பெண், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் பூஜ்யம். ரமலானில் அதை, பாங்கு சொல்லி எத்தனை நிமிடத்தில் என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். யாருக்கு அறிவுரை போதும், யாருக்கு மருந்து வேண்டும் என்பது அந்த ஒரு பதிலிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

இருபது வயதுக்காரனிடம் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. நுரையீரலின் திறன் இருபதுகளின் நடுப்பகுதி வரை ஏறி, சிலகாலம் நின்று, பிறகு ஆண்டுக்கு 25, 30 மி.லி. வீதம் இறங்கத் தொடங்குகிறது. ஏறும் பருவத்திலேயே புகைப்பவன் தன் உச்சத்தையே குறைத்துக்கொள்கிறான். லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எங்கள் துறையின் அடிப்படை. புகையால் பாதிக்கப்படும் இயல்புள்ளவர்களுக்கு இறக்கம் செங்குத்தாகிறது. விட்டால் போனது திரும்பாது, ஆனால் இறக்கம் மற்றவர்களுடையதைப் போலச் சீராகிவிடும் என்று காட்டினார்கள். ஐம்பது வயதில் விடுகிறவர் மிஞ்சியதைக் காக்கிறார். இருபத்திரண்டில் விடுகிறவனுக்கு இழப்பு என்று சொல்ல அநேகமாக எதுவுமே இருக்காது.

துபாயிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஹூக்கா ஒரு கூடுதல் வலை. அங்கே ஷீஷா என்பார்கள். இஃப்தாருக்குப் பின் கடை நிரம்பிவிடும். தண்ணீர் வழியே வருவதால் புகை வடிகட்டப்படுகிறது என்று நம்புகிறார்கள். ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் இழுக்கும் புகையின் அளவு நூறு சிகரெட்டுக்கு ஈடாகவோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2005இலேயே எச்சரித்தது. கரி எரிவதால் கார்பன் மோனாக்சைடு தனி. தமிழ்நாட்டில் ஹூக்கா பார்களுக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வருகிறவனின் பழக்கத்துக்குத் தடை போட யாருமில்லை.

(மேலப்பாளையத்தில் நோன்பு வைத்துக்கொண்டே மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் மூச்சு வேறொரு சொற்பொழிவுக்கு உரியது. இன்றைய தலைப்பு இளைஞர்கள் என்பதால் அவர்களைக் கடந்து போகிறேன், மனமில்லாமல்.)

அடுத்து ஆஸ்துமா. கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாவை நோன்பு மோசமாக்குவதாக ஆய்வுகள் பொதுவாகக் காட்டவில்லை. மோசமாக்குவது நோன்புக்காக மருந்தை நிறுத்துவது. "டாக்டர், பம்ப் அடிச்சா நோன்பு முறிஞ்சிரும்னு எங்க ஹஜ்ரத் சொல்லிட்டாரு" என்று ரமலானுக்கு முன் வந்து கேட்கிற பையன் நல்லவன். கேட்காமல் முப்பது நாளும் நிறுத்திவிட்டுப் பெருநாள் இரவில் இழுப்போடு வருகிறவனைப் பற்றித்தான் கவலை.

இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் மார்க்க அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. சவூதி அறிஞர்களில் பலர் முறிக்காது என்கிறார்கள்: அது உணவும் இல்லை, பானமும் இல்லை, போவது வயிற்றுக்கும் இல்லை. நம் நாட்டு ஹனஃபி முஃப்திகள் பலர் முறிக்கும் என்கிறார்கள்: மருந்துத் துகள் தொண்டை வழியே உள்ளே இறங்குகிறது. 1997இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு, ஊசி, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை போன்ற பலவற்றுக்குத் தீர்ப்புச் சொன்னது; ஆஸ்துமா இன்ஹேலரை மேலும் ஆராய வேண்டும் என்று ஒத்திவைத்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹப் (சட்டப் பிரிவு), உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி என்றிருக்கும் நம் மாநிலத்தில், பக்கத்து ஊர் விடை நம் ஊருக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. இதில் மருத்துவர் முஃப்தி ஆகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "அதெல்லாம் முறியாது, அடிங்க" என்று சொல்லி அனுப்பினால் அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய் அடிக்காமல் இருப்பான்.

நல்ல வேளையாக, இதற்குத் தீர்ப்பு கிடைக்கும் வரை மருந்து காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பு இன்ஹேலர்களில் பல பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுபவை. சஹர் முடிவதற்குச் சற்று முன் ஒன்று, இஃப்தாரில் ஒன்று. நம் ஊர் நோன்பின் நீளத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நாளுக்கு ஒருமுறை போதும் என்ற வகையும் கிடைக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். அந்த இரண்டு நேரத்திலும் தண்ணீர் குடிக்க அனுமதி இருப்பதால் அந்தச் சங்கடமும் இல்லை. சிக்கல் வருவது உடனடி நிவாரணத்துக்கான நீலப் பம்ப்பிலும், பொடி அடைத்த ரோட்டாகேப்பிலும், நெபுலைசரிலும்தான். ஒருவனுக்கு இந்த உடனடி மருந்து பகலில் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அவன் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அவன் நோயாளி. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோன்பை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185 ஆம் வசனங்கள் இரண்டு முறை சொல்கின்றன. இதில் மத்ஹபுகளுக்குள் சண்டை இல்லை. இழுப்பு வந்துவிட்டால் மருந்தை எடு, நோன்பை முறி, பிறகு களாச் செய். இதை ஹஜ்ரத்தின் வாயால் ஜுமுஆவில் சொல்லவைப்பது ஆயிரம் துண்டுப் பிரசுரத்துக்குச் சமம்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. சமோசாவும் பஜ்ஜியும் வடையும் வயிற்றோடு நிற்பதில்லை. சஹரில் வயிறு நிறையச் சாப்பிட்டு, பஜ்ர் தொழுதுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறித் தொண்டையைச் சுடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதுவே இருமலையும் இழுப்பையும் கிளப்பும். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நோன்புக் கஞ்சியிடம் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, வளைகுடாவிலிருந்து வரும் ஊது கட்டை ஆகியவற்றிடம் உண்டு. ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையில் அவை வேண்டாம்.

கடைசியாக, செய்ய வேண்டியது. மருத்துவர்கள் ரமலானில் செய்வதை ஷஃபானுக்கு முன்னே கொண்டுவர வேண்டும். ஆஸ்துமா உள்ள இளைஞனுக்கு ஸ்பைரோமீட்டர் சோதனை, மருந்து நேரத்தை மாற்றுவது, எந்தக் கட்டத்தில் நோன்பை விட வேண்டும் என்று எழுத்தில் கொடுப்பது, எல்லாம் பிறை தெரிவதற்கு முன். புகைப்பவனுக்கும் அப்போதே: முதல் நோன்பின் இரவிலிருந்தே நிறுத்தும் திட்டம். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை நோன்பை முறிக்காது என்பது அந்த ஜித்தா தீர்ப்பின் வரம்புக்குள்ளேயே வருகிறது. அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி உதவி 1800 11 2356 என்ற எண்ணில் இருக்கிறது. இதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இந்தக் கல்லூரி மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இதுவரை வெளியே நிறுத்தியவர்களை உள்ளே அழைத்து ஓர் ஆய்வு செய்வோம். புகைக்கும் இளைஞர்களை ஷஃபானிலும் ரமலானிலும் ஷவ்வாலிலும் அளப்போம். வெளிமூச்சில் கார்பன் மோனாக்சைடு காட்டும் சிறு கருவி இருக்கிறது. ஊதினால் அதே நிமிடத்தில் எண் வரும். ரமலானில் அதை மஃரிபுக்கு முன் ஒருமுறையும் தராவீஹுக்குப் பின் ஒருமுறையும் ஊதவைத்து, இரண்டு எண்களையும் அவனுக்கே காட்டுவோம். பாங்கு சொல்லி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்போம். ஷவ்வால் முடியும்போது எத்தனை பேர் விட்டபடியே இருக்கிறார்கள் என்று எண்ணுவோம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே சில மாதங்கள் ஆகும் என்பதால் விருப்பமுள்ளவர்கள் இன்றே துறை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். புகைப்பவர்களும் கொடுக்கலாம், ஆய்வாளராக அல்ல, ஊதுகிறவராக.